மருத்துவர் சென்னையில், பந்தி புதுக்கோட்டையில்

கல்யாணச் சமையல்கூடத்தில் தலைமைச் சமையல்காரர் பந்திப் பக்கம் வருவது அபூர்வம். கோட்டை அடுப்பை விட்டு அவர் நகர முடியாது. சாம்பாரில் உப்பு குறைந்ததா, மூன்றாம் வரிசைக்குச் சாதம் போய்ச் சேர்ந்ததா என்பதெல்லாம், பரிமாறுகிறவர் வாளியோடு திரும்பி வந்து சொன்னால்தான் அவருக்குத் தெரியும். கைமணம் ஓரிடத்தில், பசி வேறிடத்தில். நடுவே ஓயாமல் நடக்கிற கால்கள். தொலைமருத்துவமும் இப்படித்தான் இயங்குகிறது. திரையைப் பற்றியும் இணைய வேகத்தைப் பற்றியும் நிறையப் பேசுகிறோம். நடக்கிறவரைப் பற்றிப் பேசுவதில்லை.

சென்னையில் 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கிசோஃப்ரினியா ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக ஸ்கார்ஃப், 2010-ல் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பத் தொடங்கியது. உள்ளே ஒரு பகுதி ஆலோசனை அறை: நாற்காலி, கேமரா, திரை. இன்னொரு பகுதி மருந்தகம். திரையில் தெரிகிற மனநல மருத்துவர் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில் இருப்பார். அவர் எழுதும் மாத்திரையை நோயாளி பேருந்திலேயே இலவசமாக வாங்கிக்கொண்டு இறங்கலாம்.

அந்த மருந்தகம்தான் இந்தச் சமையல்கூடத்தின் உக்கிராணம். அதை அற்பமாக நினைக்கக் கூடாது. காணொளியில் எவ்வளவு நல்ல ஆலோசனை கிடைத்தாலும், எழுதிய மாத்திரைக்கு இருபது கிலோமீட்டர் போக வேண்டுமென்றால் பாதிப் பேர் போகமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். மனநல மருந்து ஒரு வாரத்தோடு முடிவதில்லை. மாதாமாதம், பலருக்கு ஆண்டுக்கணக்கில் வேண்டும். ஒவ்வொரு முறையும் நோயாளியோடு துணைக்கு ஒருவர் போக வேண்டும். இரண்டு பேருக்குப் பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி நட்டம். 2015-16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனநோய் உள்ளவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை இல்லாமல் இருந்தது தெரியவந்தது; நோயைப் பொறுத்து அந்த விகிதம் மாறியது. நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், அடுப்பை ஊர் ஊராகத் தூக்கிப் போக வழியில்லை என்பது புரியும். வாளிதான் போக வேண்டும்.

வாளியைத் தூக்குகிறவர் சமுதாயப் பணியாளர். பெரும்பாலும் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர், பயிற்சி பெற்றவர். பேருந்து வருவதற்குப் பல நாள் முன்பே அவர் வேலை தொடங்கிவிடும். தனக்குள் பேசிக்கொண்டே திரிகிற இளைஞர், மாதக்கணக்கில் அறையை விட்டு வெளியே வராத பெண் என்று விசாரித்துப் போய், அந்த வீட்டாரோடு உட்கார்ந்து பேசுவார். பேய் பிடித்திருக்கிறது, செய்வினை என்று நம்புகிறவர்களிடம் வாதாடமாட்டார். கோயிலுக்கும் போங்கள், இந்த மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள் என்பார்.

ஆலோசனை நேரத்தில் கேமராவுக்கு எட்டாதவை நிறைய உண்டு. மனநோய் மருந்துகள் சிலருக்குக் கை கால்களை இறுக்கிவிடும். அந்த இறுக்கத்தைத் திரையில் பார்த்து அறிய முடியாது. முழங்கையை மடக்கிப் பார்த்தால்தான் தெரியும். நோயாளியின் அருகில் இருக்கும் பணியாளர் மடக்கிப் பார்த்துச் சொல்ல, மருத்துவர் அளவைக் குறைப்பார். குளித்து எத்தனை நாளாகிறது என்பதை உடை சொல்லிவிடும். போன மாதம் கொடுத்த மாத்திரை அட்டையில் பாதி அப்படியே இருப்பதைப் பணியாளர் வீட்டுக்குப் போனபோதே பார்த்திருப்பார். இலையில் என்ன மிச்சம் இருக்கிறது என்பது பரிமாறுகிறவரின் கண்ணில்தான் படும்.

பிறகு பட்டியல். நோயாளிகள் எல்லாருடைய விவரமும் கணினியில் ஏறியிருந்தால், இந்த மாதம் வர வேண்டியவர்களில் யார் வரவில்லை என்பது அன்று மாலையே தெரிந்துவிடும். எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் மிகவும் பிடித்தது காணொளி அல்ல, இந்தச் சாதாரணப் பட்டியல்தான். குணமாகிவிட்டது என்று நினைத்து மருந்தை நிறுத்துகிறவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது. வராதவரின் வீட்டுக்கு மறுநாளே ஒருவர் போய் நின்றால் அந்தச் சறுக்கலைத் தடுக்க வழி உண்டு. மூன்று மாதம் கழித்துத் தெரிந்தால், நெருக்கடியில்தான் போய் முடியும்.

இப்படி வீடு தேடிப் போவதால் பலன் உண்டா என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2014-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய் உள்ள 282 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை; மற்றப் பிரிவுக்கு அதோடு பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளரின் உதவியும். ஓராண்டு முடிவில், பணியாளர் போன வீடுகளில் நோய்க்குறிகளும் இயலாமையும் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருந்தன. தமிழ்நாட்டுக் கிராமப் பகுதியில் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. சிகிச்சை வசதி அரிதான இடத்தில் பணியாளரின் வருகைக்கு மதிப்பு அதிகம் என்பதை இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

கல்யாண வீட்டில் எல்லாரையும் உபசரித்துவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்காருகிற பெண்களைப் பார்த்திருக்கிறோம். அப்போது பாயசம் தீர்ந்திருக்கும். மனநலச் சேவையில் அந்த இடம் பராமரிப்பவருக்கு. பெரும்பாலும் தாய், மனைவி, அக்கா. மகன் தூங்கினானா, மாத்திரை போட்டானா என்று எல்லாரும் அந்தத் தாயிடம்தான் கேட்பார்கள். அவள் தூங்கினாளா என்று யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் சிகிச்சையின் பெரும்பகுதி அவள் கையில்தான் நடக்கிறது. எழுந்திருக்க மனமில்லாமல் கிடப்பதும் நோயின் ஒரு கூறு என்று தெரியாதபோது, “சோம்பேறி” என்ற திட்டு வாயில் வந்துவிடும். வீட்டில் ஓயாத கண்டிப்பு இருந்தால் நோய் திரும்புவது அதிகமாகிறது என்று பல பத்தாண்டு ஆய்வுகள் சொல்கின்றன. அவளைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. அவளுக்கு யாராவது விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும், அவளுடைய களைப்பைக் கேட்டிருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கே தொலைபேசி நிறையச் செய்யலாம். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் 14416 என்ற இலவச மனநல எண்ணைப் பராமரிப்பவர்களும் தங்களுக்காகவே அழைக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் செயலியில் ஏற்றிவிட்டால் ஆயிற்று என்று எண்ணக் கூடாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த இந்தியப் பெண்கள் 54 விழுக்காடு. இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். போன் கணவர் சட்டைப்பையில் இருக்கும் வீட்டில், “உங்கள் மகனுக்கு மாத்திரை நாள்” என்ற குறுஞ்செய்தி யார் கண்ணிலெல்லாம் படும் என்பதையும் யோசிக்க வேண்டும். மனநோய் என்ற சொல் வெளியே தெரிந்தால் வீட்டில் இன்னொரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும் என்று அஞ்சுகிற குடும்பங்கள் இன்றும் உண்டு.

அதனால் நான் கேட்பது மிக எளிய ஒன்று. நோயாளியின் பதிவில் பராமரிப்பவருக்கென்று சில கேள்விகள் இருக்கட்டும்: இந்த மாதம் தூக்கம் எப்படி, உடம்புக்கு என்ன, ஒரு நாள் வெளியே போக வேண்டுமென்றால் வீட்டில் யார் இருப்பார்கள்? பணியாளர் நேரில் கேட்டுப் பதிந்துகொண்டால் போதும். பதில்கள் மோசமாகிக்கொண்டே போகிற வீடுகளைக் கணினி மேலே கொண்டுவந்து காட்டும். அடுத்த முறை முதலில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது, அங்கே யாரோடு முதலில் பேசுவது என்று பணியாளர் முடிவு செய்துகொள்ளலாம்.