படத்துக்குக் கீழே மூன்று வரி

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்பவர்களுக்குக் கை அரிப்பு புதிதல்ல. அதற்காக ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க யாருக்கும் மனம் வராது. மெடிக்கலில் ஒரு களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள். இப்போது அந்தக் கையிலேயே கைபேசி இருக்கிறதே, படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினால் போதாதா?

பாதி போதும். சட்டம் அதற்கு இடம் தருகிறது. 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், வாட்ஸ்அப், தொலைபேசி, வீடியோ வழியாகப் பதிவுபெற்ற மருத்துவர் ஆலோசனை சொல்லலாம் என்கின்றன. அடுத்த மாதமே மத்திய அரசின் இ-சஞ்சீவனி, வீட்டிலிருந்தே இலவசமாக மருத்துவரிடம் பேச வழி செய்தது. கண்ணால் பார்த்தே பெரும்பாலும் கண்டறியப்படுவது தோல் நோய். படம் வழி மருத்துவம் அதற்கு நன்றாகவே பொருந்துகிறது.

மீதிப் பாதி, அதாவது அரிப்பின் காரணம், படத்தில் இல்லை. தோலைப் பதனிடப் போடும் குரோம் உப்பில் இருக்கும் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது. அது நம் தோலுக்குள் எளிதில் நுழையாது. சூட்டாலும் வெளிச்சத்தாலும் அதில் ஒரு பங்கு ஆறு இணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். இது எளிதில் நுழைந்துவிடும். உள்ளே போய் நம் புரதங்களோடு ஒட்டிக்கொண்டதும், உடலின் காவல் செல்கள் அதை எதிரியாக நினைவில் வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை பட்டால் அரிப்பு உடனே வராது. ஒன்றிரண்டு நாள் கழித்தே வரும். அதனால்தான் 'நேற்று சாப்பிட்ட கத்தரிக்காய்' மேல் பழி விழுகிறது, வேலையின் மேல் விழுவதில்லை.

குரோம் ஒவ்வாமை, சோப்பும் ஈரமும் தரும் புண், படர்தாமரை மூன்றும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றலாம். ஆனால் வைத்தியம் வேறு. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால் அரிப்பு அடங்கும். அடியில் பூஞ்சை பரவும். பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. குரோம்தான் காரணம் என்று உறுதி செய்ய, முதுகில் சோதனைப் பட்டை ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பிரித்து, நான்காம் நாள் வாக்கில் மறுபடியும் பார்க்க வேண்டும். அதற்கு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறத்தான் வேண்டும்.

1700-இல் இத்தாலிய மருத்துவர் ராமசினி, தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில் தோல் பதனிடுவோரையும் சேர்த்து எழுதினார். நோயாளியிடம் 'என்ன வேலை செய்கிறீர்கள்' என்று கேட்கும்படி மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். நெரிசலில் மருத்துவர் கேட்க மறக்கலாம். நாம் சொல்ல மறக்கக்கூடாது.

பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் போடாமல், இரண்டு கைகளையும் எடுங்கள். தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று. அதைத் தெரு குரூப்பில் போடாதீர்கள். மருந்து எழுதுபவரின் பதிவெண் சீட்டில் இருக்கிறதா பாருங்கள். படத்துக்குக் கீழே மூன்று வரி எழுதுங்கள். கையில் என்னென்ன படும் வேலை? எத்தனை வருடமாக? ரம்ஜானுக்கோ பொங்கலுக்கோ கம்பெனி சில நாள் மூடியபோது அரிப்பு குறைந்ததா?

கடைசி வரியின் பதில் 'ஆமாம்' என்றால், மருத்துவர் உங்கள் கையைவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்குவார்.