ஒரு டிஸ்க் போனாலும் போட்டோக்கள் போகாது: லினக்ஸில் ரெய்டு அமைப்போமா?

ரெய்டு என்றவுடன் வருமான வரித்துறை அதிகாரிகள் வரிசையாகக் காரில் வந்து இறங்குவது ஞாபகத்திற்கு வருகிறதா? பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் உலகில் ரெய்டு நம்மிடம் இருப்பதைக் காப்பாற்ற வருகிறது.

எங்கள் வீட்டில் அப்பாவின் பழைய டெஸ்க்டாப் ஒன்று உள்ளது. அதில் உபுண்டு சர்வரை நிறுவி, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை மாட்டி, வீட்டுப் போட்டோக்கள் அனைத்தையும் அதில்தான் சேமித்து வைத்திருக்கிறோம். அக்கா கல்யாண ஆல்பமும், இப்போது இல்லாத தாத்தா பேசிய வீடியோக்களும் அதில்தான் உள்ளன. அவற்றை ஒருமுறை நூலிழையில் தப்பவிட்டோம். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அடிப்படையைப் பார்ப்போம்.

ரெய்டு என்றால் என்ன?

பல ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்து, கம்ப்யூட்டருக்கு அவை ஒரே டிஸ்க் போலத் தெரியும்படி செய்வதுதான் ரெய்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லியைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை மூலம் இந்தப் பெயர் பிரபலமானது. விலை அதிகமான ஒரு பெரிய டிஸ்க்கிற்குப் பதில், விலை குறைந்த பல சிறிய டிஸ்க்குகளைக் கூட்டாக இயக்கலாம் என்பதே அவர்கள் சொன்ன யோசனை.

இதில் பல வகைகள் உண்டு. ஒவ்வொன்றும் 2 டெராபைட் அளவுள்ள டிஸ்க்குகள் நம்மிடம் இருப்பதாக வைத்துக் கொள்வோம்.

ரெய்டு 0: இரண்டு டிஸ்க்குகளிலும் டேட்டாவைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதும். முழு 4 டெராபைட்டும் கிடைக்கும், வேகமும் அதிகம். ஆனால் ஒரு டிஸ்க் பழுதானால் மொத்தமும் போச்சு. போட்டோக்களை இதில் வைக்கவே வேண்டாம்.

ரெய்டு 1: ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்குகளிலும் எழுதும். கிடைப்பது 2 டெராபைட்தான். ஒன்று பழுதானாலும் மற்றொன்றில் எல்லாம் அப்படியே இருக்கும்.

ரெய்டு 5: குறைந்தது மூன்று டிஸ்க்குகள் தேவை. மூன்று மாட்டினால் 4 டெராபைட் கிடைக்கும். ஏதேனும் ஒன்று பழுதாவதைத் தாங்கும்.

ரெய்டு 6: குறைந்தது நான்கு டிஸ்க்குகள் தேவை. நான்கு மாட்டினால் 4 டெராபைட் கிடைக்கும். இரண்டு பழுதாவதைக்கூடத் தாங்கும்.

ரெய்டு 5ல் முழுப் பிரதி இல்லாமலே தொலைந்த டேட்டா எப்படித் திரும்பக் கிடைக்கிறது? ஒரு டிஸ்க்கில் 5, இரண்டாவதில் 7 என எழுதி, மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகையான 12ஐ எழுதி வைத்திருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். இரண்டாவது டிஸ்க் பழுதானால், 12லிருந்து 5ஐக் கழித்து 7ஐக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அதே கணக்குதான். கம்ப்யூட்டர் கூட்டலுக்குப் பதில் எக்ஸ்ஆர் என்ற செயலைப் பயன்படுத்துகிறது. இந்தக் கூடுதல் தகவலைப் பாரிட்டி என்பார்கள்.

வீட்டு உபயோகத்திற்கு இரண்டு டிஸ்க்குகளுடன் ரெய்டு 1 போதும். அதைத்தான் இப்போது அமைக்கப் போகிறோம்.

என்னென்ன தேவை?

லினக்ஸ் நிறுவப்பட்ட ஒரு கம்ப்யூட்டர், அதில் சிஸ்டத்திற்கென ஒரு சிறிய டிஸ்க், ரெய்டு அமைக்க ஒரே அளவுள்ள இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். இரண்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காமல் இருப்பது நல்லது. ஒரே தொகுப்பில் தயாரானவை ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழுதாக வாய்ப்பு உண்டு. மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர் என்றால் யூபிஎஸ் ஒன்றும் வைத்துக் கொள்ளுங்கள்.

மாட்டுவதற்கு முன், டிஸ்க்கின் லேபிளில் உள்ள சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, டிஸ்க்கின் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். ஏன் என்று பின்னால் புரியும்.

எச்சரிக்கை: கீழே சொல்லப்படும் வேலைகள் அந்த இரண்டு டிஸ்க்குகளிலும் உள்ள அனைத்தையும் அழித்துவிடும். புதிய அல்லது காலியான டிஸ்க்குகளில் மட்டும் செய்திடுங்கள்.

கட்டளைகளை உச்சரிக்கும் விதத்தில் இங்கு தமிழில் தந்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில், கட்டளைகளைச் சிறிய எழுத்துகளில் டைப் செய்திடுங்கள். ஒவ்வொரு கட்டளைக்கு முன்னும் சூடோ என்று சேர்த்தால்தான் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் அது இயங்கும்.

அமைக்கும் முறை

1. எல்எஸ்பிஎல்கே என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். எல்லா டிஸ்க்குகளும் அளவுடன் பட்டியலாகும். சிஸ்டம் உள்ள டிஸ்க் எஸ்டிஏ என்றும், புதியவை எஸ்டிபி, எஸ்டிசி என்றும் இருப்பதாகக் கொள்வோம். உங்கள் கம்ப்யூட்டரில் இது மாறலாம். அளவைப் பார்த்து உறுதி செய்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

2. சிஎப்டிஸ்க் என்ற புரோகிராமை /டெவ்/எஸ்டிபி என்ற பெயருடன் இயக்குங்கள். ஜிபிடி என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, புதிய பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்குங்கள். முழு அளவையும் எடுத்துக் கொள்ளாமல் கடைசியில் 100 மெகாபைட் அளவு விட்டுவிடுங்கள். நாளை வேறு கம்பெனி டிஸ்க் வாங்கினால் அது இம்மி அளவு சிறியதாக இருக்கலாம். அப்போது இந்த இடைவெளி கைகொடுக்கும். டைப் என்ற இடத்தில் லினக்ஸ் ரெய்டு என்பதைத் தேர்ந்தெடுத்து, ரைட் கொடுத்து வெளியேறுங்கள். எஸ்டிசி டிஸ்க்கிலும் இதையே செய்திடுங்கள்.

3. எம்டிஏடிஎம் என்ற பேக்கேஜ் இல்லையென்றால் நிறுவிக் கொள்ளுங்கள். லினக்ஸில் ரெய்டு தொடர்பான வேலைகளைச் செய்யும் புரோகிராம் இதுதான். இனி அதனை இயக்கி, --கிரியேட் என்ற ஆப்ஷனுடன் புதிய ரெய்டின் பெயராக /டெவ்/எம்டி0 என்றும், --லெவல்=1 என்றும், --ரெய்டு-டிவைசஸ்=2 என்றும், கடைசியில் /டெவ்/எஸ்டிபி1, /டெவ்/எஸ்டிசி1 என்ற இரண்டு பார்ட்டிஷன்களையும் இடைவெளி விட்டு ஒரே வரியில் தந்து என்டர் தட்டுங்கள். தொடரலாமா என்று கேட்டால் ஒய் எழுத்தை அழுத்துங்கள்.

4. கேட் என்ற கட்டளையால் /ப்ராக்/எம்டிஸ்டாட் என்ற பைலைத் திறந்து பாருங்கள். இரண்டு டிஸ்க்குகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகும் வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்று தெரியும். நொடிக்கு 150 மெகாபைட் வேகம் என்றால் 2 டெராபைட்டுக்கு சுமார் 4 மணி நேரம் ஆகும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த படிகளைத் தொடரலாம்.

5. இப்போது /டெவ்/எம்டி0 என்பது ஒரு வெற்று டிஸ்க். எம்கேஎப்எஸ்.இஎக்ஸ்டி4 என்ற கட்டளையுடன் அந்தப் பெயரைத் தந்தால் அதில் பைல் சிஸ்டம் உருவாகும். விண்டோஸில் பார்மட் செய்வதற்குச் சமமான வேலை இது.

6. ரெய்டின் விவரத்தை நிரந்தரமாக்க வேண்டும். எம்டிஏடிஎம் --டீட்டெய்ல் --ஸ்கேன் என்று கொடுத்தால் ஒரு வரி கிடைக்கும். அதனை /ஈடிசி/எம்டிஏடிஎம்/எம்டிஏடிஎம்.கான்ப் என்ற பைலின் கடைசியில் சேர்த்துவிட்டு, அப்டேட்-இனிட்ராம்எப்எஸ் -யூ என்ற கட்டளையை இயக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் ரீபூட் ஆனதும் எம்டி0 என்ற பெயர் எம்டி127 என மாறி உங்களைக் குழப்பக்கூடும்.

மவுண்ட் செய்தல்

விண்டோஸில் புதிய டிஸ்க்கிற்கு டி, இ என எழுத்து கிடைக்கும். லினக்ஸில் அப்படி இல்லை. ஏதாவது ஒரு போல்டருடன் டிஸ்க்கை இணைக்க வேண்டும். இதுவே மவுண்ட் செய்தல். எம்கேடிஐஆர் கட்டளையால் /எஸ்ஆர்வி/போட்டோ என்ற போல்டரை உருவாக்கி, மவுண்ட் கட்டளையில் /டெவ்/எம்டி0 என்ற பெயரையும் அந்தப் போல்டரையும் தாருங்கள். டிஎப் -எச் என்று கொடுத்துப் பாருங்கள். 1.8டி அளவு காட்டினால் வெற்றி. 2 டெராபைட் எங்கே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் கணக்கிடுகிறார், இந்தக் கட்டளை 1024ன் மடங்கில் கணக்கிடுகிறது. வித்தியாசம் பெரும்பாலும் அதனால்தான்.

ஒவ்வொரு முறை கம்ப்யூட்டரை இயக்கும்போதும் தானாக மவுண்ட் ஆக, /ஈடிசி/எப்எஸ்டேப் என்ற பைலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். பிஎல்கேஐடி என்ற கட்டளையுடன் /டெவ்/எம்டி0 என்று கொடுத்தால் யூயூஐடி என்ற நீண்ட அடையாள எண் கிடைக்கும். ரெய்டுக்கும் தனியாக ஒரு யூயூஐடி உண்டு. அது இங்கு பயன்படாது. வரியில் வரிசையாக ஆறு விவரங்கள் இருக்க வேண்டும்: யூயூஐடி= என்பதுடன் அந்த எண், போல்டரின் பெயர், இஎக்ஸ்டி4, டிபால்ட்ஸ்,நோபெயில், 0, 2. சேமித்த பின் உடனே ரீபூட் செய்யாதீர்கள். யூமவுண்ட் செய்துவிட்டு மவுண்ட் -ஏ என்று கொடுங்கள். பிழைச் செய்தி வராமல் போல்டர் மீண்டும் மவுண்ட் ஆனால் வரி சரியானது என்று பொருள்.

நோபெயில் எதற்கு? ஏதோ காரணத்தால் ரெய்டு கிடைக்காவிட்டாலும் கம்ப்யூட்டர் பாதியில் நிற்காமல் பூட் ஆக வேண்டும் என்பதற்கு. மானிட்டர் இல்லாமல் மூலையில் ஓடும் கம்ப்யூட்டருக்கு இது அவசியம். ஆனால் இதில் ஒரு பொறி உள்ளது. ரெய்டு மவுண்ட் ஆகாவிட்டாலும் அந்தப் போல்டர் இருக்கும். நீங்கள் காப்பி செய்யும் போட்டோக்கள் சத்தமில்லாமல் சிஸ்டம் டிஸ்க்கில் போய்ச் சேரும். பின்னர் ரெய்டு மவுண்ட் ஆனதும் அவை மறைந்துபோனது போலத் தெரியும். எனவே போல்டர் திடீரெனக் காலியாகத் தெரிந்தால் பதறாமல், முதலில் டிஎப் -எச் கொடுத்து மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது

நான் வேலை பார்ப்பது சென்னையில். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சும்மா எம்டிஸ்டாட் பைலைத் திறந்தேன். நல்ல நிலையில் இருந்தால் அதில் இரண்டு யூ எழுத்துகள் இருக்கும். எனக்குத் தெரிந்தது ஒரு யூ, ஒரு கோடு. லாக் பைலில் தேதியைப் பார்த்தால், ஒரு டிஸ்க் பழுதாகி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. அம்மா அந்த ஐந்து மாதமும் வழக்கம்போல டிவியில் போட்டோ பார்த்துக் கொண்டிருந்தார். எந்தக் குறையும் தெரியவில்லை. ரெய்டின் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

புதிய டிஸ்க்கை உடனே மாட்டத்தான் கை பரபரத்தது. ஆனால் மாட்டினால், மிச்சமிருக்கும் அந்த ஒரே டிஸ்க்கை ஆரம்பம் முதல் கடைசி வரை படித்தாக வேண்டும். அதுவும் அதே வயதான டிஸ்க். நடுவில் அதுவும் படுத்துவிட்டால்? எனவே முதலில் முக்கியமான போட்டோக்களை வெளியில் உள்ள ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் காப்பி செய்தேன். தாத்தா வீடியோக்கள் காப்பி ஆகி முடியும் வரை எழுந்து சாப்பிடக்கூடப் போகவில்லை. அதன் பிறகுதான் டிஸ்க்கை மாற்றினேன்.

மாற்றும் முறை இதுதான். எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 என்பதுடன் --பெயில் என்றும் பழுதான பார்ட்டிஷனின் பெயரையும் தாருங்கள். பிறகு அதேபோல --ரிமூவ் என்று தாருங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, சீரியல் எண்ணைப் பார்த்துச் சரியான டிஸ்க்கைக் கழற்றுங்கள். நல்ல டிஸ்க்கைத் தவறிக் கழற்றாமல் இருக்கத்தான் முன்பு சொன்ன துண்டுக் காகிதம். புதியதை மாட்டி, முன்போலவே பார்ட்டிஷன் செய்து, --ஆட் என்ற ஆப்ஷனுடன் சேர்த்தால் மற்றதை லினக்ஸ் பார்த்துக் கொள்ளும். டிஸ்க் அறவே செத்துப் போய்ப் பட்டியலிலேயே இல்லை என்றால் --ஆட் மட்டும் போதும்.

இப்போது வாரம் ஒருமுறை எம்டிஸ்டாட் பார்ப்பதை வழக்கமாக்கிவிட்டேன். எம்டிஏடிஎம்.கான்ப் பைலில் மெயில்ஆடர் என்ற வரியில் உங்கள் இமெயில் முகவரியைத் தந்தால், டிஸ்க் பழுதாகும்போது கடிதம் வரும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் மெயில் அனுப்பும் வசதி அமைக்கப்பட்டிருக்க வேண்டும். என் விஷயத்தில் அது அமைக்கப்படவில்லை. முழுத் தவறும் என்னுடையதுதான். எம்டிஏடிஎம் --மானிட்டர் --ஸ்கேன் --ஒன்ஷாட் --டெஸ்ட் என்று கொடுத்துச் சோதனைக் கடிதம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ரெய்டு பேக் அப் ஆகாது

கடைசியாக ஒன்று. ரெய்டு 1ல் ஒரு போட்டோவைத் தவறுதலாக அழித்தால், அது இரண்டு டிஸ்க்குகளிலும் அந்த நொடியே அழியும். வைரஸ் பைலைக் கெடுத்தாலும் அப்படித்தான். இடி விழுந்தாலோ திருடு போனாலோ இரண்டும் சேர்ந்தே போகும். டிஸ்க் பழுதாவதிலிருந்து மட்டுமே ரெய்டு காக்கும். எனவே மாதம் ஒருமுறை ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் காப்பி எடுத்து, அதனைக் கழற்றி வேறு வீட்டில் வையுங்கள். எங்களுடையது அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் போட்டோக்கள் இப்போது எத்தனை இடத்தில் உள்ளன? ஒரே இடம் என்றால், ரெய்டு அமைப்பதற்கு முன்னால் இன்றே ஒரு காப்பி எடுத்திடுங்கள்.