முதலில் மனைவிக்கு, பிறகு ஊழியத்துக்கு



"எங்கள் காலத்துக்குப்பின் சொத்தை ஆஸ்பத்திரிக்கு எழுதிவைக்கலாமா?" என்று நெய்வேலி சபைகளைச் சேர்ந்த சகோதரர் சிலர் எங்களைக் கேட்கிறார்கள். எழுதலாம். ஆனால் உங்கள் மனைவியை முதலில் நினையுங்கள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் கம்பெனியுடையது; ஒருநாள் காலி செய்தே ஆகவேண்டும். வடலூரிலோ குறிஞ்சிப்பாடியிலோ கட்டிய வீடும், ரிடையர் ஆனபோது வந்து பாங்கியில் போட்ட பணமுமே அவருக்கு ஆதாரம்.

உயில் இல்லாமல் கணவர் மரித்தால், 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளைகள் உள்ள கிறிஸ்தவ விதவைக்கு மூன்றில் ஒரு பங்குதான். மற்றது பிள்ளைகளுக்கு. அவர்கள் பாகம் கேட்டால் வீட்டையே விற்கும்படி ஆகலாம்.

இதற்கு உயிலிலேயே ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தலாம். நம்பிக்கையான இருவரை டிரஸ்டிகளாக நியமியுங்கள். மனைவி உயிரோடிருக்கும் நாளெல்லாம் வீட்டில் குடியிருக்கவும், டெபாசிட் வட்டியைப் பெறவும், பெரிய வியாதி வந்தால் அசலிலிருந்தே செலவழிக்கவும் இடம்கொடுத்து எழுதுங்கள். (இந்தக் கடைசி வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவு என்னவென்று நாங்கள் அறிவோம்!) அவருக்குப் பின்னரே பிள்ளைகளுக்கோ ஊழியத்துக்கோ போகட்டும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் தேவை. மனைவியே சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது.

ஆயுள் இன்ஷூரன்ஸ் எடுப்பவர்கள், 1874-ஆம் வருஷத்து திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் மனைவிக்கென்று பாலிசியிலேயே குறிப்பிட்டால், அதுவே டிரஸ்ட் ஆகிவிடும். கணவரின் கடன்காரர் பொதுவாக அதைத் தொடமுடியாது.

நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் தர்மத்துக்கு எழுதும் உயில், மரணத்துக்குப் பன்னிரண்டு மாதம் முன்பே எழுதப்பட்டிருக்கவேண்டும் என்றொரு பழைய விதி இருந்தது. உச்சநீதிமன்றம் 2003-இல் அதை ரத்து செய்தது. ஆகையால் எங்களுக்காக அவசரப்படவேண்டாம். வக்கீலிடம் போகும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள்.