நான்கு நண்பர்களும் பூட்டிய குகையும்

“வலப்பக்கம், வலப்பக்கம்!” என்று நாங்கள் மூவரும் ஒரே குரலில் கத்தினோம். சிங்கப்பூரில் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நண்பனுக்கு, பிரெஞ்சுக் கிராமச் சாலையின் ஒவ்வொரு வட்டச் சந்திப்பும் தேர்வுத் தாளாகவே இருந்தது.

போர்டோ நகரில் பரிமாற்ற மாணவர்களாக ஒரு பருவத்தைக் கழித்த நாங்கள் நால்வரும், ஊர் திரும்புமுன் வாடகைக் கார் எடுத்துக் கிழக்கே கிளம்பினோம். இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணம். வழியெங்கும் வாதுமைத் தோப்புகள், பழுப்புக் கல் வீடுகள். வெசேர் ஆற்றங்கரையில் உள்ள மொந்தின்யாக் என்ற சிற்றூரில் இறங்கினோம். லாஸ்கோ குகை ஓவியங்கள் இந்த ஊரின் குன்றில்தான் இருக்கின்றன.

ஆனால், அந்தக் குகைக்குள் நாம் போக முடியாது. நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில்தான் ஜோகூர்த் தோழிக்கு இது தெரிந்தது. “போலிக் குகையைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றாள். எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான்.

ஏன் மூடினார்கள்? 1948ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட குகைக்குக் கூட்டம் குவிந்தது. அத்தனை பேர் விட்ட மூச்சும், உடல் வெப்பமும், உள்ளே பொருத்திய விளக்குகளும் குகையின் காற்றையே மாற்றிவிட்டன. சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது. ஏறத்தாழ 17,000 ஆண்டுகள் தாங்கிய ஓவியங்களைப் பதினைந்தே ஆண்டுகளில் பார்வையாளர்கள் ஆபத்தில் தள்ளினர். 1963ல் கதவு பூட்டப்பட்டது. நாங்கள் பார்த்தது, 2016 இறுதியில் திறக்கப்பட்ட முழு அளவுப் பிரதி. கணினியில் அளந்து, ஓவியர்கள் கையாலேயே தீட்டியது.

உள்ளே குளிர், இருட்டு. விளக்கொளி மெல்ல ஏறியபோது தலைக்குமேல் காளைகள் ஓடின. மிகப் பெரிய காளை ஐந்து மீட்டருக்கும் நீளம். குறை சொன்ன தோழிதான் கடைசியாக வெளியே வந்தாள். ஒரு செய்தி இன்னும் என்னைக் குடைகிறது. குகையில் கிடைத்த எலும்புகளைப் பார்த்தால், அந்த மக்கள் பெரும்பாலும் உண்டது கலைமான். சுவரில் குதிரைகளும் காளைகளும் நிறைந்திருக்க, கலைமானைக் காண்பதே அரிது. சாப்பிட்டதை ஏன் அவர்கள் வரையவில்லை?

சாப்பாடு என்றதும் எங்கள் கதை. உணவகத்தை அடைந்தபோது மணி இரண்டேகால். சமையலறை மூடியாகிவிட்டது என்று கைவிரித்துவிட்டார்கள். உணவங்காடி நள்ளிரவு வரை திறந்திருக்கும் ஊர்க்காரர்கள் நாங்கள், கடையில் வாங்கிய ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பிய்த்துத் தின்றோம்.

பிறகு குன்றின்மேல் நடந்தோம். 1940 செப்டம்பர் 12ஆம் தேதி இதே சரிவில் ஏறியவர்களும் நான்கு நண்பர்கள்தாம். மார்செல் ராவிடா, ஜாக் மார்சால், ஜார்ஜ் அன்யேல், சிமோன் கோயென்காஸ். எல்லாரும் பதின்ம வயதினர். நான்கு நாள் முன்னதாக மார்செல் கண்டுவைத்திருந்த பொந்தை அகலப்படுத்தி, விளக்கோடு உள்ளே சறுக்கி இறங்கினார்கள். பின்னர், தங்கள் முன்னாள் ஆசிரியரிடம் சொன்னார்கள். யாரும் சுவரைத் தொட்டுக் கெடுத்துவிடக்கூடாது என்று மார்செலும் ஜாக்கும் குகை வாயிலில் கூடாரம் போட்டுக் காவலிருந்தார்கள். குகை திறந்ததும் அங்கேயே வழிகாட்டிகளும் ஆனார்கள்.

சிமோனின் கதை வேறு. போருக்கு அஞ்சிப் பாரிசிலிருந்து வந்திருந்த யூதக் குடும்பத்துச் சிறுவன் அவன். குகையைக் கண்டபின் விரைவிலேயே குடும்பம் பாரிஸ் திரும்பியது. அங்கே கைதானபோது பதினாறு வயது நிரம்பாததால் சிமோன் விடுவிக்கப்பட்டான். பெற்றோரோ ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து திரும்பவில்லை. நால்வரில் கடைசியாக மறைந்தவர் அவர்தான், 2020ல்.

இதைக் கைப்பேசியில் நான் படித்துச் சொன்னபோது யாரும் பேசவில்லை. அடுத்த வாரம் எங்களில் இருவர் சிங்கப்பூருக்கும், ஒருத்தி ஜோகூருக்கும், இன்னொருவன் வேலைப் பயிற்சிக்காக ஜெர்மனிக்கும் போகிறோம்.

வேலியருகே நின்று நால்வரும் படமெடுத்துக்கொண்டோம். அதில் குகை இல்லை. ஒரு கம்பி வேலி, பின்னால் மரங்கள், நண்பனின் சட்டையில் ரொட்டித் துகள்.