குடிமைப் பயிற்சியும் நாட்டின் உயர்வும்

குடிமையியல் தேர்வுக்காக மட்டும் உருப்போடும் பாடமன்று.

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். குடவோலை முறையில் வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்குக் கல்வியும் ஒழுக்கமும் வேண்டும் என்கிறது. முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரை விலக்குகிறது. ஆயினும், நிலமும் மனையும் உடையோர்க்கே அங்கு இடமிருந்தது.

இன்றோ நிலைமை வேறு. 1989 முதல் 18 வயது நிரம்பியோர்க்கு வாக்குரிமை உண்டு. 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, ஊர் வாக்காளர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினரே.

பல்லாண்டு ஆசிரியப் பணியில் நான் கண்டது இது: உரிமைகளை ஒப்பிப்போர் பலர், அவற்றைக் கையாளப் பழகியோர் சிலர். ஆதலின், இப்பொழுதே பெற்றோருடன் கிராம சபைக்குச் சென்று கவனியுங்கள். வயது வந்ததும் வரவு செலவைக் கேளுங்கள். கேட்பார் இருந்தால்தான் பொதுப்பணம் சாலையாகும், பள்ளியாகும்.