டவுன் ஸ்கூலா, ஊர் ஸ்கூலா? 6-ஆம் வகுப்பு அட்மிஷனுக்கு முன் போட வேண்டிய ‘பஸ் கணக்கு’

ஏப்ரல், மே வந்துவிட்டால் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளியில் சேர்ப்பதா, தினமும் பஸ் ஏற்றி டவுனுக்கு அனுப்புவதா? “நல்ல ஸ்கூல்னா கொஞ்சம் தூரமா இருந்தா என்ன, வேன்தான் வாசலுக்கே வருதே” என்பார் அப்பா. “சின்னப் பிள்ளை, விடியறதுக்குள்ள எழுப்பணுமே” என்பார் பாட்டி.

ஃபீஸ், ரிசல்ட், இங்கிலீஷ் மீடியம் என எல்லாவற்றையும் விசாரிக்கிற பெற்றோர், பயண நேரத்தை மட்டும் “போகப் போகப் பழகிடும்” என்று விட்டுவிடுகிறார்கள். 6-ஆம் வகுப்பில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் 12-ஆம் வகுப்பு வரை, 7 ஆண்டுகள் தொடரும். அதனால் அந்த நேரத்துக்கும் ஒரு விலை போட்டுப் பார்ப்பது நல்லது.

கிலோமீட்டரை விடுங்க, நேரத்தைப் பாருங்க

திருவண்ணாமலை டவுனிலிருந்து தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர் ஆகியவை சுமார் 20 கி.மீ. செங்கமும் போளூரும் சுமார் 35 கி.மீ. பைக்கில் போனால் பெரிய தூரமாகத் தெரியாது. ஆனால் ஸ்கூல் பஸ் நேராக வராது. நான்கைந்து ஊர்களுக்குள் புகுந்து, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று நின்று வரும். முதல் ஸ்டாப்பில் ஏறுகிற பிள்ளைக்கு 20 கி.மீ. தூரமே ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம்.

ஒரு கணக்கு போடுவோம். போக 75 நிமிடம், வர 75 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம். ஆண்டுக்கு 210 வேலை நாள் என்று வைத்தால் 525 மணி நேரம். ஒரு நாளைக்கு 6 மணி நேர வகுப்பு என்றால், இது 87 பள்ளி நாள்களுக்குச் சமம். உள்ளூர்ப் பள்ளிக்குப் போக வர 40 நிமிடம் ஆகிறது என்றால் ஆண்டுக்கு 140 மணி நேரம்தான். வித்தியாசம் 385 மணி நேரம். 7 ஆண்டுக்குச் சேர்த்தால் கிட்டத்தட்ட 2,700 மணி நேரம்.

டவுன் பள்ளி கூடுதலாகத் தருவது இந்த 2,700 மணி நேரத்துக்கு ஈடாகுமா என்பதுதான் கேள்வி. சில வீடுகளுக்கு ‘ஆமாம்’ என்று பதில் வரலாம். கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் முக்கியம்.

அரசு பள்ளிகளைத் திட்டமிடும்போது வைத்திருக்கும் அளவுகோலையும் தெரிந்துகொள்ளலாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் தமிழ்நாடு விதிகள்படி தொடக்கப் பள்ளி 1 கி.மீ.க்குள்ளும், 6 முதல் 8 வரையிலான நடுநிலை வகுப்புகள் 3 கி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். 2009-இல் தொடங்கிய மத்திய இடைநிலைக் கல்வித் திட்டம் உயர்நிலைப் பள்ளிக்கு 5 கி.மீ. என்று இலக்கு வைத்தது. அதாவது, 11 வயதுப் பிள்ளை தினமும் 20, 30 கி.மீ. போய் வரும் என்று எந்தத் திட்டமும் கணக்கு வைக்கவில்லை.

முதலில் அடி வாங்குவது தூக்கம்

அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும்.

இதை நம்மூர் டைம்டேபிளில் வைத்துப் பார்க்கலாம். பஸ் 7.15-க்கு வந்தால் பிள்ளை 6 மணிக்கு எழ வேண்டும். குறைந்தபட்ச 9 மணி நேரத் தூக்கத்துக்கே இரவு 9 மணிக்குத் தூங்கியாக வேண்டும். மாலை 4.45-க்குக் கிளம்பும் பஸ் வீடு சேர 6 மணி. கையில் மிஞ்சுவது 3 மணி நேரம். அதற்குள் குளியல், டிபன், ஹோம்வொர்க், சாப்பாடு எல்லாம் முடிய வேண்டும். ஒரு மணி நேர டியூஷனும் சேர்ந்தால் விளையாட்டு போய்விடும். அதன் பிறகும் நேரம் போதாவிட்டால் வெட்டு விழுவது தூக்கத்தில்தான்.

“பஸ்லயே படிச்சுக்கலாம், தூங்கிக்கலாம்” என்பதை நம்பிக் கணக்கு போட வேண்டாம். உட்கார சீட் கிடைக்குமா என்பதே சில ரூட்டில் சந்தேகம்.

அண்ணாமலையார் ஊருக்கென்றே ஒரு கணக்கு

மற்ற ஊர்களில் டிராஃபிக் ஏறக்குறைய தினமும் ஒரே மாதிரி இருக்கும். இங்கே காலண்டரைப் பார்க்க வேண்டும். மாதாமாதம் பௌர்ணமிக்கு 14 கி.மீ. கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் கூட்டம் சேரும். நகருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையங்கள் போடப்படும். வெளியூர் பஸ்கள் அங்கேயே நின்றுவிடும். கார்த்திகை தீபத்தின் போது பல நாள்களுக்கு இதே நிலைதான். தீபத்தன்று உள்ளூர் விடுமுறை விட்டாலும், அதற்கு முன்னும் பின்னும் வரும் நாள்களில் பள்ளி நடக்கும்.

அன்றைக்கு ஸ்கூல் பஸ் எந்த வழியாக வரும், அரசு பஸ்ஸில் போகும் பிள்ளை எங்கே இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மழைக்காலம் இன்னொரு பக்கம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணையாற்றில் வந்த வெள்ளம், அகரம்பள்ளிப்பட்டு – தொண்டமானூர் இடையே சில மாதங்களுக்கு முன்புதான் திறக்கப்பட்ட உயர்மட்டப் பாலத்தை அடித்துச் சென்றது. ஒரு பாலம் போனால் அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் பயண நேரமே மாறிவிடும். பள்ளிக்குப் போக ஒரே வழிதான் என்றால் அதுவும் ஒரு ரிஸ்க்.

6-ஆம் வகுப்பில் மாறினால் கைவிட்டுப் போவது என்ன?

பல பெற்றோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு வந்தது. இதில் அரசு உதவிபெறும் பள்ளிகள் வராது.

உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022-இல் தொடங்கியது. மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024-இல் வந்தது. இரண்டிலும் கேட்கப்படுவது 6 முதல் 12 வரை எங்கே படித்தார் என்பதுதான். அரசுப் பள்ளிகளோடு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இதற்குத் தகுதி பெறுகிறார்கள்.

ஆக, 6-ஆம் வகுப்பில் டவுனில் உள்ள தனியார் பள்ளிக்கு மாற்றினால் ஃபீஸும் பஸ் கட்டணமும் மட்டும் செலவு இல்லை. இந்தத் தகுதிகளும் போகும். ஊர் அரசுப் பள்ளியிலிருந்து டவுன் அரசுப் பள்ளிக்கு மாறினால் எதுவும் போகாது.

பெண் பிள்ளைகளுக்குத் தூரம் இரட்டைச் சுமை

பயணம் சிரமமாகும்போது பல வீடுகளில் முதலில் படிப்பை நிறுத்துவது பெண் பிள்ளையைத்தான். பீகாரில் 2006-இல் 9-ஆம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் தரப்பட்டது. அதை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகளின் எண்ணிக்கை 32% கூடியதாகக் கண்டறிந்தார்கள். பள்ளியிலிருந்து 3 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். பள்ளியும் பாடமும் மாறவில்லை. பயணம் சுலபமானதே போதுமானதாக இருந்தது.

தமிழ்நாட்டில் அரசு, உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு இலவச சைக்கிள் 11-ஆம் வகுப்பில்தான் கிடைக்கிறது. 6 முதல் 10 வரை கைகொடுப்பது இலவச பஸ் பாஸ். பாஸ் இருந்தாலும், பள்ளி நேரத்துக்கு ஒத்துவரும் பஸ் இருக்கிறதா, அதை விட்டால் அடுத்தது எப்போது, மாலையில் இறங்கும் இடத்திலிருந்து வீடு வரை தெருவிளக்கு இருக்கிறதா என்பதைப் பார்த்தே ஆக வேண்டும்.

வேனில் அனுப்பினால் எதைப் பார்க்கணும்?

2012 ஜூலையில் சென்னை சேலையூரில் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்தார். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்குத் தனிச் சிறப்பு விதிகள் வந்தன. அவசரகால வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, உதவியாளர் எல்லாம் கட்டாயம். சென்னையில் நடந்த இன்னொரு விபத்துக்குப் பிறகு, 2022-இல் முன்னும் பின்னும் கேமராவும் கட்டாயமானது. கோடை விடுமுறையில் அதிகாரிகள் பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்தி ஆய்வு செய்வதும் இதற்காகத்தான்.

ஆனால் பள்ளி பெயரில் பதிவாகாத தனியார் வேனும், பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போகும் ஷேர் ஆட்டோவும் இந்த ஆய்வு வரிசையில் வந்து நிற்பதில்லை. “சம்பந்தப்பட்ட ஸ்கூலுக்குத்தான் போகுது” என்று யாராவது சொன்னால், வாகனம் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள்.

அப்போ தூரமா அனுப்பவே கூடாதா?

அப்படி இல்லை. சில சூழலில் தூரம் நியாயமானதுதான். ஊர்ப் பள்ளி 10-ஆம் வகுப்போடு முடிகிறது, பிள்ளை கேட்கும் குரூப் அங்கே இல்லை, முக்கியப் பாடத்துக்கு ஆசிரியர் பணியிடம் நீண்ட நாளாகக் காலி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குத் தேவையான வசதி இல்லை என்றால் டவுன் பஸ் ஏறுவதில் அர்த்தம் இருக்கிறது. ரிசல்ட்டை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நன்றாகப் படிக்கிறவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளியில் சதவீதம் எப்போதும் உயரமாகத்தான் இருக்கும்.

இடைப்பட்ட வழிகளும் உண்டு. 10 வரை ஊரில் படித்து, 11-க்கு டவுன் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போகலாம். அப்போது பிள்ளைக்கு வயது 15, 16. பயணம் 7 ஆண்டுக்குப் பதில் 2 ஆண்டு. 7.5% தகுதியும் தொடரும். அரசு விடுதி இன்னொரு வழி. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் சேர வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே குறைந்தது 8 கி.மீ. இருக்க வேண்டும். மாணவிகளுக்கு இந்தத் தூர விதி கிடையாது. மாவட்டந்தோறும் உள்ள அரசு மாதிரிப் பள்ளிகளிலும் விடுதி உண்டு. டவுனில் வாடகைக்கு வீடு எடுப்பவர்கள், ஆண்டு முழுக்கக் கட்டும் வேன் கட்டணத்தையும் வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

கையெழுத்துப் போடும் முன் 6 கேள்விகள்

1. வாசலிலிருந்து வகுப்பறை வரை எத்தனை நிமிடம்? ஒரு திங்கட்கிழமை காலையில் பிள்ளையோடு போய்ப் பாருங்கள். முடிந்தால் பௌர்ணமி மாலையிலும்.
2. பஸ் ரூட்டில் நம் ஊர் முதல் ஸ்டாப்பா, கடைசி ஸ்டாப்பா?
3. 10, 12-ஆம் வகுப்பில் மாலை சிறப்பு வகுப்பு வைத்தால் திரும்பி வர வண்டி உண்டா?
4. நடுவில் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய் அழைத்துவர யார் இருக்கிறார்கள்?
5. 9 மணி நேரத் தூக்கம் போக, விளையாட ஒரு மணி நேரமாவது மிஞ்சுமா?
6. மூன்று மாதம் கழித்து ஒத்துவரவில்லை என்றால் ஊர்ப் பள்ளிக்கே திரும்ப முடியுமா? கட்டிய ஃபீஸ் என்ன ஆகும்?

ஏழாவதாக ஒன்று கேட்க வேண்டியது பிள்ளையிடம்தான். தினமும் அந்த பஸ்ஸில் உட்காரப் போவது அவர்கள். 11 வயதில், “எனக்கு அந்த ஸ்கூல்தான் வேணும்” என்பதையும் “காலையில முடியலம்மா” என்பதையும் அவர்களால் தெளிவாகவே சொல்ல முடியும்.