செல்போனை வெச்சுட்டு வாசலுக்கு வாங்க! சின்னக் குழந்தைகளுக்கான வெளி விளையாட்டுகள்

காலை 8 மணி. திருப்பூரில் ஒரு லைன் வீடு. எட்டரைக்கெல்லாம் பனியன் கம்பெனிக்குள் இருக்க வேண்டும். அம்மா டிபன் பாக்ஸ் கட்டுகிறார். அப்பா வண்டியைத் துடைக்கிறார். மூன்று வயதுக் குழந்தை வாசப்படியில் உட்கார்ந்து, செல்போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டே இட்லி வாங்கிக்கொள்கிறது. போன் கையில் இருந்தால்தான் வாய் திறக்கும். ராத்திரி வேலை முடிந்து வந்தாலும் அதே போன், அதே கார்ட்டூன்.

இதைக் குற்றமாகச் சொல்ல வரவில்லை. ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு வருகிற உடம்புக்கு ஓய்வு வேண்டும்; போன் அந்த ஓய்வைத் தருகிறது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆறு வயதுக்குள் ஒரு குழந்தை ஓடி, ஏறி, தொட்டு, கேள்வி கேட்டுக் கற்க வேண்டியவை திரைக்குள் கிடைக்காது. அவை வாசலில் கிடைக்கும். அதற்குப் பணம் வேண்டாம், பெரிய மைதானமும் வேண்டாம். கூட ஒரு பெரியவர் அரை மணி நேரம் இருந்தால் போதும்.

எவ்வளவு நேரம் விளையாட வேண்டும்?

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார அமைப்பு 2019-ல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன் சுருக்கம் இது:

• 1 வயதுக்குள்: செல்போன், டிவி வேண்டவே வேண்டாம். இன்னும் தவழாத குழந்தையை, விழித்திருக்கும்போது, நாளுக்கு 30 நிமிடமாவது குப்புறப் படுக்க வைத்து விளையாட விடலாம். ஒரே மூச்சில் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும்.
• 1 முதல் 2 வயது: நாளுக்கு 180 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும். 1 வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம். 2 வயதில் 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது.
• 3 முதல் 4 வயது: அதே 180 நிமிடம். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடி ஆட வேண்டும். திரை 1 மணி நேரத்துக்குள்.

‘மூணு மணி நேரமா? நடக்கிற காரியமா?’ என்று தோன்றும். நாள் முழுவதும் பிரிந்து கிடக்கும் நேரத்தைத்தான் சேர்த்துச் சொல்கிறார்கள். கடைக்கு நடப்பது, மாடிப்படி ஏறுவது, தெருவில் பிள்ளைகளோடு ஓடுவது எல்லாமே கணக்குதான். வெளியே வெளிச்சத்தில் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. வெளியில் அதிக நேரம் விளையாடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன.

வாசலிலேயே செய்யலாம்

1. தண்ணீர் ஓவியம் (2 வயது முதல்): ஒரு மக்கில் தண்ணீர், ஒரு பழைய பிரஷ் அல்லது துணித்துண்டு. சிமெண்ட் தரையில் வரையச் சொல்லுங்கள். கோடு, வட்டம், எதுவானாலும் சரி. வெயில் பட்டதும் வரைந்தது மறையும். ‘எங்கம்மா போச்சு?’ என்று குழந்தை கேட்கும். அறிவியலின் முதல் கேள்வி அது. பின்னாளில் பென்சில் பிடிக்கப்போகும் விரல்களுக்கும் இது நல்ல பயிற்சி.

2. கலர் தேடல் (3 வயது முதல்): கட்டிங் வேஸ்ட் துண்டுகளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. நாலைந்து நிறத்தில் உள்ளங்கை அளவுத் துண்டுகளை எடுத்து, துவைத்துக் காயவைத்துக் கொள்ளுங்கள். ஒன்றைக் குழந்தையிடம் கொடுத்து, ‘இதே கலர் வெளிய எங்கிருக்கு, தேடு பாப்போம்’ என்று சொல்லுங்கள். இலை, கேட், வாளி, பக்கத்து வீட்டுச் சேலை என்று கண்கள் ஓடும். பிறகு மெல்லிசு–தடிப்பு, வழவழப்பு–சொரசொரப்பு என்று தொட்டுப் பிரிக்கச் சொல்லலாம்.

3. கோன் கோபுரம் (3 வயது முதல்): நூல் தீர்ந்த காலிக் கோன்கள் நிட்டிங் கம்பெனிகளில் கிடைக்கும். ஒட்டியிருக்கும் நூலை நீக்கிவிட்டு, ஓரம் கிழிந்து கூர்மையாக இல்லையா என்று பார்த்துக் கொடுங்கள். அடுக்கலாம், எண்ணலாம், வரிசையாக நிறுத்திப் பந்தால் உருட்டிவிடலாம். ‘பத்து வெச்சோம், மூணு விழுந்துச்சு, எத்தன நிக்குது?’ கணக்குப் பாடம் அங்கேயே வந்துவிடுகிறது. கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். கைகளால் தொட்டுச் செய்து கற்பதுதான் அவருடைய முறையின் அடிப்படை. அதற்கு விலை உயர்ந்த பொம்மைதான் வேண்டும் என்றில்லை.

4. நிழலைப் பிடி (4 வயது முதல்): காலையில் குழந்தையை நிற்க வைத்து, நிழல் முடியும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் நிற்க வையுங்கள். நிழல் குட்டையாகி, கொஞ்சம் திரும்பியும் இருக்கும். ஏன் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அடுத்த நாளும் பார்க்கட்டும்.

5. கல்லா மண்ணா, நொண்டி (4 வயது முதல்): நாம் ஆடிய ஆட்டங்கள்தான். நொண்டியில் உடம்பு சமநிலை பழகும். கட்டத்தை எண்ணும் பழக்கம் வரும். கல்லா மண்ணாவில் விதிக்குக் கட்டுப்படுவது, முறை வரும்வரை காத்திருப்பது, தோற்றால் அழாமல் மறுபடி ஆடுவது எல்லாம் வரும்.

6. விதை போடுதல் (எல்லா வயதுக்கும்): உடைந்த வாளியில் மண் போட்டு, கொஞ்சம் வெந்தயமோ பச்சைப்பயறோ தூவுங்கள். தண்ணீர் ஊற்றுவது குழந்தையின் வேலை. சில நாளில் முளை தெரியும். தினமும் காலையில் எழுந்ததும் போனைத் தேடாமல் வாளியைத் தேடி ஓடும்.

பேச்சுதான் பாடம்

இந்த விளையாட்டுகளில் எது செய்தாலும், கூடவே பேசுங்கள். பரீட்சை மாதிரிக் கேட்காமல், குழந்தை சொன்னதைப் பிடித்து ஒரு படி நீட்டுங்கள்.

‘அம்மா, எறும்பு!’
‘ஆமா கண்ணு, எறும்பு. அது வாயில என்னமோ வெச்சிருக்கே?’
‘சக்கர.’
‘சக்கரையவா? எங்க தூக்கிட்டுப் போவுது? வா, பின்னாடியே போய்ப் பாக்கலாம்.’

அரை நிமிடப் பேச்சுதான். ஆனால் கேள்வி, பதில், புதுச் சொல், அடுத்து என்ன நடக்கும் என்ற யோசனை எல்லாம் இதில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ, குழந்தை சொன்னதைக் கேட்டுத் திருப்பிப் பதில் சொல்லாது.

திருப்பூருக்குத் தேனி, மதுரை, திண்டுக்கல்லில் இருந்தும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்டில் இருந்தும் குடும்பங்கள் வந்து தங்கியிருக்கின்றன. வீட்டில் ஒடியாவோ இந்தியோ பேசுகிறவர்கள் குழந்தையிடம் அந்த மொழியிலேயே தாராளமாகப் பேசலாம். தமிழைத் தெருப் பிள்ளைகளோடு விளையாடும்போது குழந்தை தானாகப் பிடித்துக்கொள்ளும். உங்கள் காம்பவுண்டில் அப்படிப்பட்ட குழந்தைகள் இருந்தால், ஆட்டத்தில் அவர்களையும் கூப்பிடச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை: நஞ்சராயன் குளம்

சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கடைவீதிக்குப் போவது நம் ஊர்ப் பழக்கம். மாதத்தில் ஒரு ஞாயிறு காலையை மட்டும் குளத்துக்குக் கொடுக்கலாம். ஊத்துக்குளி சாலைப் பக்கம், சர்க்கார் பெரியபாளையம் அருகே இருக்கும் நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளுக்குக் கிடைக்கும் அங்கீகாரம் இது. குளிர்கால மாதங்களில் வெளியூர்ப் பறவைகளும் வந்து சேரும்.

சின்னக் குழந்தைக்கு எல்லாப் பறவையின் பெயரும் தெரிய வேண்டியதில்லை. ‘எது பெருசு? எது தண்ணிக்குள்ள முங்குது? எது ஒத்தக் கால்ல நிக்குது?’ என்று கேட்டாலே போதும். கூழைக்கடா, நாமக்கோழி, கொக்கு என்று மூன்று பெயர் பழகினால் முதல் தடவைக்கு நிறைய. கல் எறியக் கூடாது, தீனி போடக் கூடாது, பிளாஸ்டிக் கவரைத் திரும்ப எடுத்து வர வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிக்கொடுங்கள்.

அங்கன்வாடி உங்கள் உரிமை

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் பல வீடுகளில் பெரிய பிரச்சினை. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் இயங்கும் அங்கன்வாடி மையங்களில் முன்பருவக் கல்வி, மதிய உணவு, எடை–உயரம் பார்த்தல் ஆகியவை இலவசம். தமிழ்நாட்டு மையங்களின் பாடத்திட்டத்துக்குப் பெயரே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’. விளையாட்டு அங்கே ஓய்வு நேரத்துக்கு மட்டும் உரியதல்ல. பாடமே அதன் வழியாகத்தான்.

ஆதார் எடுக்காத குழந்தையைத் தாயின் ஆதாரை வைத்துப் பதிவு செய்யலாம். சொந்த ஊர் மையத்தில் ஏற்கெனவே பதிந்திருந்தால், போஷன் டிராக்கர் செயலி வழியாக அந்தப் பதிவை இங்கே மாற்றித் தரும்படி அங்கன்வாடி ஊழியரிடம் கேளுங்கள்.

வேலை செய்யும் இடத்திலும் உரிமை உண்டு. சட்டப்படி, 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் 4 முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம். வேலைக்குச் சேரும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

கவனம் தேவை

• தரைமட்டத் தொட்டி, தண்ணீர் நிரம்பிய டிரம், வாளி எல்லாவற்றையும் மூடி வையுங்கள். கொஞ்சத் தண்ணீரே சின்னக் குழந்தைக்கு ஆபத்து.
• பட்டன், ஊசி, நூல் வெட்டும் கத்தரி விளையாட்டுப் பொருள் அல்ல. நீளமான துணி நாடாவைக் கழுத்தில் சுற்ற விடாதீர்கள்.
• சரக்கு வண்டிகள் வந்து போகும் சந்தில் தனியாக விட வேண்டாம்.
• கோடையில் காலை 11 முதல் மாலை 4 வரை நேரடி வெயிலைத் தவிருங்கள். அடிக்கடி தண்ணீர் கொடுங்கள்.
• நாய் கடித்தால், கீறினால், உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

போனில் பதிந்து வையுங்கள்

குழந்தைகள் உதவி எண்: 1098
ஆம்புலன்ஸ்: 108
பெண்கள் உதவி எண்: 181
முதல்வரின் முகவரி: 1100 (பூங்கா, தெருவிளக்கு, அங்கன்வாடி குறித்த கோரிக்கைகளுக்கு)

நாளைக் காலையிலேயே எல்லாவற்றையும் தொடங்க வேண்டாம். போனை அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு மக்கில் தண்ணீர் எடுத்து வாசலில் வையுங்கள். நீங்களும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். முதல் இரண்டு நாள் போன் கேட்டு அழலாம். அழுகை நிற்கும்வரை பொறுத்திருங்கள். அதன்பிறகு ஒருநாள், ‘அம்மா, இன்னைக்கு வெளிய என்ன?’ என்று அதுவே உங்கள் கையைப் பிடித்து இழுக்கும்.